உட்கார்ந்தால் 98... ஏறினால் 88!

போன மாதம் ஒரு ராத்திரி. பத்து மணி இருக்கும். போனில் என் மச்சினன்.

"அத்தான்... ஒரு விஷயம் கேட்கணும். அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

இப்படி ஆரம்பிக்கிற பேச்செல்லாம் வழக்கமாகப் பணத்தில்தான் போய் முடியும். நானும் கொஞ்சம் உஷாராகவே, "சொல்லு மாப்ளே" என்றேன்.

"எனக்கு உடம்பு சரியாயிடுச்சா, இல்லியா?"

பேசாமல் பணமே கேட்டிருக்கலாம்.

மச்சினனுக்கு வயது 29. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஃப்ளூ காய்ச்சல் என்று படுத்தவன், அது நெஞ்சுக்குள் இறங்கி வைரஸ் நிமோனியா ஆகி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டுகிற கிளிப் மெஷின் 98 காட்டுகிறது. ஆபீசிலும் சேர்ந்துவிட்டான்.

"ஆபீஸ் ரெண்டாவது மாடி அத்தான். பாதி படியில மூச்சு முட்டுது. யாராவது பார்த்தா வெட்கமா இருக்குன்னு, போன் வந்த மாதிரி காதுல வெச்சுக்கிட்டு நின்னுடறேன். மேனேஜர் பார்த்துட்டு, 'மூணு வாரம் ஆச்சு, இன்னும் என்னப்பா'ங்கறார். இப்போ எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான் நிஜமாவே சோம்பேறி ஆயிட்டேனா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. ஏனென்றால் அந்தப் போன் டெக்னிக்கை சில வருஷங்களுக்கு முன்னால் வேறு மாதிரி செய்தவன் நான். எனக்குச் செருப்பு வார். படிக்குப் படி குனிந்து அதைச் சரி செய்துகொண்டே இருந்தேன். அந்தச் செருப்புக்கு வார் சரியாகத்தான் இருந்தது.

அந்த 54 படிகள்

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாவது அலை. சென்னையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத மணி நேரமே கிடையாது. அடியேனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். அதில் ஏழு நாள் மூக்கில் ஆக்ஸிஜன். சி.டி. ஸ்கேனில் 25-க்கு 14 மார்க் போட்டார்கள். 'கடவுளே, மார்க் குறைவாக வரக்கூடாதா' என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே பரீட்சை அதுதான். பி.காமில் அப்படி வேண்ட அவசியமே வந்ததில்லை. தானாகவே குறைவாக வந்தது.

வீடு மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. "காத்தோட்டம் பிரமாதம் சார்" என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டார். காற்று வீட்டுக்குள் ஓடியது, எனக்குள்தான் ஓடவில்லை. மொத்தம் 54 படி. டிஸ்சார்ஜ் ஆன அன்று அதை ஏறி முடிக்க இருபது நிமிஷம். நடுவில் முதல் மாடி மாமி நாற்காலி போட்டுக் காபி கொடுத்ததையும் சேர்த்து.

மூன்று வாரம் போனது. அப்போது நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"ஆக்ஸிஜன் எவ்வளவுய்யா?"

"98 சார்."

"எனக்கே 97தான்! திங்கட்கிழமை வந்துடு."

மறுத்துப் பேச முடியாத கணக்கு. போனேன். நான்காவது நாள் காலையில், கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஒரு இருபது அடி ஓடினேன். பஸ் கிடைத்தது. மூச்சு கிடைக்கவில்லை. கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் முதலில், "காலையிலேயேவா?" என்றார். அப்புறம் முகத்தைப் பார்த்தவர், ஒரு பெரியவரை எழுப்பி உட்கார வைத்து, தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

சாயங்காலம் நுரையீரல் டாக்டரிடம் போனேன். விரலில் கிளிப் மாட்டினார். 98. 'பார்த்தீங்களா, எனக்கு ஒண்ணும் இல்லை' என்று நானே சொல்லிவிடுவேன் போலிருந்தது. அவர், "வராந்தாவில ஆறு நிமிஷம் நடந்துட்டு வாங்க" என்றார். நடந்து வந்தேன். கிளிப் 88.

"உட்கார்ந்திருக்கற நுரையீரலைக் கேட்டா 'எல்லாம் சௌக்கியம்'னுதான் சொல்லும் சார். நடக்கும்போது கேட்டாத்தான் உண்மை வரும்" என்றார்.

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் அதற்கு வவுச்சர்.

நெஞ்சுக்குள்ளே 750 சதுர அடி

நுரையீரல் என்றால் இரண்டு பலூன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். காற்றுக் குழாய் கிளை விட்டு, கிளைக்குக் கிளை விட்டு, கடைசியில் திராட்சைக் கொத்து மாதிரி சின்னச் சின்னக் காற்றுப் பைகளில் போய் முடிகிறது. முப்பது கோடியிலிருந்து ஐம்பது கோடி பைகள். எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர். அதாவது 750 சதுர அடி. சென்னையில் ஒரு சுமாரான டபுள் பெட்ரூம் ஃபிளாட். கடன், தவணை எதுவும் இல்லாமல் நம் எல்லோருக்கும் நெஞ்சுக்குள் அலாட் ஆகியிருக்கிறது. அருமை தெரியாமல் சிலர் அதற்குள் புகை வேறு போடுகிறோம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஃபிளாட்டின் சுவர் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ரத்தம். ஆக்ஸிஜன் சுவரைத் தாண்டி ரத்தத்தில் ஏறிக்கொள்கிறது. கரியமில வாயு இறங்கி வெளியே வருகிறது. ராத்திரி பகலாக இதுதான் வியாபாரம்.

வைரஸ் நிமோனியாவில் அடி வாங்குவது இந்தச் சுவர். வைரஸ் கொஞ்சம் செல்களைக் கொல்கிறது. அதைத் துரத்த வருகிற நம் உடம்பின் போலீஸ் நடத்தும் தடியடியில் இன்னும் கொஞ்சம் சேதம். நீர் கசிந்து பைகளுக்குள் தேங்குகிறது. ஸ்கேனில் பார்த்தால் பாத்ரூம் ஜன்னலுக்குப் போடுகிற மங்கல் கண்ணாடி மாதிரி தெரியும். டாக்டர்கள் அதற்கு 'கிரவுண்ட் கிளாஸ்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள்.

காய்ச்சல் விட்டதும் ரிப்பேர் வேலை ஆரம்பம். சுவரின் பரப்பில் நூற்றுக்கு 95 பங்கை மூடியிருப்பது அப்பளம் மாதிரி மெல்லிய ஒரு வகை செல். அடிபட்டால் அதனால் தானாகப் பெருக முடியாது. பக்கத்திலேயே குண்டாக இன்னொரு வகை செல் உண்டு. பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான திரவத்தைச் சுரப்பது அதன் அன்றாட டியூட்டி. சீனியர் போய்விட்டால் இந்த ஜூனியர்தான் பெருகி, தட்டையாகி, சீனியர் சீட்டில் போய் உட்கார வேண்டும். புது ஆள் வேலை பழக எவ்வளவு நாளாகும் என்று ஆபீஸ் போகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை சுவர் கொஞ்சம் தடித்தே இருக்கும்.

கணக்கு பாஷையில் சொன்னால், ஸ்கேனில் தெரியும் அந்த மங்கல் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். பெரும்பாலும் நாளாவட்டத்தில் நேராகிவிடும். சிலருக்குக் கொஞ்சம் வாராக் கடனாகி, தழும்பாக நின்றுவிடுகிறது. எது எவ்வளவு என்பதை முதல் மாதத்திலேயே எழுதி மூட முடியாது.

மாம்பலம் ஸ்டேஷனில் முக்கால் செகண்டு

சரி, சுவர் தடித்திருக்கிறது. அப்படியானால் உட்கார்ந்திருக்கும்போது எப்படி 98 வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் ஏரியா மாம்பலம் ஸ்டேஷனில் இருக்கிறது.

ரத்தத்தின் சிவப்பு அணுவை மின்சார ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன்தான் பயணிகள். நாம் சும்மா இருக்கும்போது இந்த ரயில் காற்றுப் பை என்கிற ஸ்டேஷனில் முக்கால் செகண்டு நிற்கிறது. ஆரோக்கியமான சுவராக இருந்தால் கால் செகண்டில் ரயில் நிரம்பிவிடும். மிச்ச அரை செகண்டு கையிருப்பு. கதவு பாதி அடைத்துக்கொண்டிருந்தால் ஏற நேரமாகும். ஆனாலும் முக்கால் செகண்டு இருக்கிறதே, எப்படியோ எல்லோரும் ஏறிவிடுவார்கள். ரயில் ஃபுல். கிளிப் 98.

இப்போது படி ஏறுங்கள். இதயம் வேகமாக அடிக்கிறது. ரயில்கள் அடுத்தடுத்து விரட்டிக்கொண்டு வருகின்றன. நன்றாக உழைக்கும்போது ஸ்டேஷனில் நிற்கும் நேரம் கால் செகண்டு வரைக்கும் குறைந்துவிடும். நல்ல கதவு என்றால் அப்போதும் சமாளிக்கும். பாதி அடைத்த கதவு? பாதிப் பேர் பிளாட்பாரத்திலேயே நிற்க, ரயில் காலியாகக் கிளம்பும். கிளிப் 88.

மச்சினனின் மேனேஜரும் பொய் சொல்லவில்லை, மச்சினனும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பார்த்தது முக்கால் செகண்டு கணக்கு. இன்னொருவன் அனுபவிப்பது கால் செகண்டு கணக்கு.

அந்த விரல் கிளிப்புக்கு அடிப்படை போட்டவர் தகுவோ அவோயாகி என்கிற ஜப்பான் எஞ்சினியர். சிவப்பு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் இரண்டையும் விரலுக்குள் அனுப்பி, நாடித் துடிப்பை வைத்தே ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் கணக்கிடலாம் என்று 1974-ல் சொன்னார். உலகமே அவருடைய கிளிப்பைத் தேடி மருந்துக் கடைகளில் வரிசை கட்டி நின்ற 2020 ஏப்ரலில், 84 வயதில் காலமானார்.

கிராஸ் எவ்வளவு, கையில் எவ்வளவு?

நுரையீரலை அளக்க இரண்டு விதப் பரீட்சைகள் உண்டு. சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும்.

முதலாவது ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப் போட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு குழாயில் பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும். எவ்வளவு காற்று, எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று மெஷின் சொல்லும். இது கிராஸ் சம்பளம்.

இதன் கதை எங்கள் காமர்ஸ்காரர்களுக்குப் பிடிக்கும். லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்கிற டாக்டர் ஒரு லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் வேலை பார்த்தார். பாலிசி எடுக்க வருகிறவரின் நெஞ்சு எத்தனை நாள் தாங்கும் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டாமா? ஸ்பைரோமீட்டரைச் செய்து போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், மல்யுத்தக்காரர் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து 1846-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். ஒரே மூச்சில் வெளியே விடக்கூடிய காற்றுக்கு 'வைட்டல் கபாசிட்டி' என்று அவர் வைத்த பேர் இன்றைக்கும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. நம் மூச்சை முதலில் முறையாக அளந்ததில் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஆச்சரியமே இல்லை.

ஆனால் கிராஸ் பார்த்து யாராவது குடும்பம் நடத்த முடியுமா? பிடித்தம் போகக் கையில் என்ன வருகிறது என்பதல்லவா முக்கியம்? அதற்குத்தான் இரண்டாவது பரீட்சை. பேர் டி.எல்.சி.ஓ. இழுத்த காற்றிலிருந்து சுவரைத் தாண்டி ரத்தத்துக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்பது. துளியூண்டு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, பத்து செகண்டு அடக்கி, வெளியே விட வேண்டும். போனது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு? வித்தியாசம்தான் வரவு. விஷ வாயுவா என்று பயப்பட வேண்டாம். அளவு மிகக் குறைவு. இந்த முறைக்கு வழி போட்டவர் டென்மார்க்கின் டாக்டர் மேரி குரோக், 1915-ல். அவர் கணவர் ஆகஸ்ட் குரோக்குக்கு 1920-ல் நோபல் பரிசு. வீட்டில் இரண்டு பேருமே விஞ்ஞானி என்றால் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்களோ!

அதே வயது, அதே உயரமுள்ள ஆரோக்கியமான ஆளுக்கு 100 என்றால் உங்களுக்கு எவ்வளவு என்று சதவீதத்தில் சொல்வார்கள். 80-க்கு மேல் இருந்தால் பொதுவாகத் திருப்தி. என் ரிசல்ட்: ஸ்பைரோமெட்ரி 84. டி.எல்.சி.ஓ. 58. கிராஸ் பரவாயில்லை, கையில் ஒன்றும் இல்லை. வைரஸ் நிமோனியாவிலிருந்து எழுந்து வருகிறவர்களிடம் அதிகமாகக் காணப்படும் குறை இதுதான் என்றார் டாக்டர். ஊதும் பரீட்சையில் பாஸ் செய்துவிட்டு, 'எனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது' என்று புலம்புகிற பலருடைய ரகசியம் இதில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக, செலவே இல்லாத பரீட்சை ஒன்றும் உண்டு. அந்த ஆறு நிமிஷ நடை. அமெரிக்க விமானப் படைக்காரர்களுக்காக 1968-ல் கென்னத் கூப்பர் என்கிற டாக்டர் 12 நிமிஷ ஓட்டப் பரீட்சையைக் கொண்டு வந்தார். நுரையீரல் நோயாளிகளை ஓடச் சொல்ல முடியுமா? நடக்கச் சொன்னார்கள். பன்னிரண்டும் அதிகம் என்று 1980-களில் ஆறாகக் குறைத்தார்கள். அரசாங்கக் காரியத்தில்கூட இப்படிச் சலுகை கிடைக்காது.

ஆறாவது மாத அதிர்ச்சி

'எப்ப சரியாகும்?' என்பதுதானே அடுத்த கேள்வி?

சீனாவின் வூஹானில், கடுமையான கொரோனா நிமோனியா வந்து, வென்டிலேட்டர் வரை போகாமல் பிழைத்த 83 பேரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாக ஒரு வருஷம் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. டி.எல்.சி.ஓ. மூன்றாவது மாதம் நடுத்தரமாக 77 சதவீதம். ஆறாவது மாதம் 76. ஒரு வருஷத்தில் 88.

அந்த நடு எண்ணைக் கவனியுங்கள். மூன்று மாதம் கழித்து முன்னேற்றமே இல்லை. ஒன்று குறைந்துகூட இருக்கிறது! ஆனால் அதே ஆட்கள் ஆறு நிமிஷத்தில் நடந்த தூரம் 535 மீட்டரிலிருந்து 585, பிறகு 615 என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நுரையீரல் படுத்துக்கொண்டிருந்தாலும் கால் விடவில்லை. வருஷ முடிவில் மூன்றில் ஒருவருக்கு டி.எல்.சி.ஓ. 80-க்குக் கீழேயே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்னும் பழைய கணக்கு ஒன்று. 2003-ல் சார்ஸ் வந்து பிழைத்த பெய்ஜிங் ஆஸ்பத்திரி ஊழியர்கள் 71 பேரை 2018 வரை கவனித்திருக்கிறார்கள். ஸ்கேனில் தெரிந்த பழுது முதல் வருஷத்திலேயே பெருமளவு சுருங்கி, அதற்கப்புறம் ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது.

லேசாக வந்து போனவர்களுக்கு இவ்வளவு காலம் ஆகாது. சில வாரங்களிலேயே பழையபடி ஆகிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்குப் போனவர்களுக்குக் கணக்கு மாதங்களில். என் கதை: ஆரம்பத்தில் 58, ஆறாவது மாதம் 69, ஒரு வருஷத்தில் 83.

இன்னொன்று. மூச்சு வாங்கினால் பழி முழுவதும் நுரையீரலுக்கே என்று நினைக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் படுக்கையில் கிடந்தாலே தொடைத் தசை கரைந்துவிடும். சேர்த்துக் கொடுக்கிற ஸ்டீராய்டும் தன் பங்குக்குத் தசையை இளைக்க வைக்கும். தளர்ந்த கால் அதே படிக்கு அதிக மூச்சு கேட்கும். ஆக, கிளிப்பும் சரி, டி.எல்.சி.ஓ.வும் சரி, இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால் அது நடிப்பு இல்லை. கால் கேட்கிற கடன்.

ஊதாதே, உறிஞ்சு!

டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். நான் பத்து நாள் அதை உயிரைக் கொடுத்து ஊதினேன். ஒரு பந்தும் அசையவில்லை. 'அவ்வளவுதான், நெஞ்சு போச்சு' என்று ராத்திரி தூங்காமல் கிடந்தேன். மனைவி டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உறிஞ்சணும்னு படம் போட்டிருக்கே" என்றாள். உறிஞ்சினேன். ஒரு பந்து எழுந்தது. பி.காம். முடித்தவன் என்று அதற்கப்புறம் வீட்டில் யாரும் பெருமை பேசவில்லை.

மூன்று பந்தும் எழ வேண்டுமானால் செகண்டுக்கு 600, 900, 1200 மில்லி வேகத்தில் காற்றை இழுக்க வேண்டும். பந்தை மேலே தூக்கி நிறுத்துவது வித்தை இல்லை. ஆழமாக, நிதானமாக இழுத்து, சுருங்கிக் கிடக்கும் பைகளைத் திறப்பதுதான் நோக்கம். பந்து எழுவதை வைத்து நுரையீரல் சரியாகிவிட்டது என்று தீர்ப்பும் எழுத முடியாது.

நிஜமாக எனக்குக் கை கொடுத்தது நடை. தினமும் சமதரையில் பத்து நிமிஷம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். வாக்கியம் பாதியில் உடைந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் கூட்டினேன். படியில் முட்டும்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுவேன். எதிரே அகல் விளக்கு இருந்தால் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. அந்த வேகம்.

டிக்கெட் வாங்காத பயணி

பிறகு வருகிறேன் என்று சொன்ன புகை.

நான் நாளைக்கு ஆறு சிகரெட். டீக்கடை, நண்பர்கள், மாதக் கடைசி டென்ஷன் என்று எல்லோருக்கும் இருக்கிற காரணங்கள்தான். டி.எல்.சி.ஓ. பரீட்சையில் கார்பன் மோனாக்சைடை ஏன் உபயோகிக்கிறார்கள் தெரியுமா? ரத்தம் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஆசையோடு அதைப் பிடித்துக்கொள்ளும். அதே வாயு சிகரெட் புகையிலும் இருக்கிறது. நம் மாம்பலம் ரயிலில் டிக்கெட் வாங்காமல் ஏறி, சீட்டைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் இறங்காத பயணி அது.

இதில் கொடுமை என்னவென்றால், விரல் கிளிப்புக்கு அந்த ஆளை அடையாளம் தெரியாது. அதையும் ஆக்ஸிஜன் என்றே எண்ணிவிடும். புகைத்துவிட்டு மாட்டினால் கிளிப் அழகாக 98 காட்டும். அந்த 98-ல் சிலது போலி. ஏற்கெனவே கதவு பாதி அடைத்த ஸ்டேஷனில், இருக்கிற சீட்டையும் வித்தவுட் ஆட்களுக்குக் கொடுக்கிறோம்.

முப்பது வயதை ஒட்டி எல்லோருக்குமே நுரையீரல் தேய ஆரம்பிக்கிறது. முதல் செகண்டில் ஊதக்கூடிய காற்றில் வருஷத்துக்குச் சுமார் 25, 30 மில்லி குறையும். கணக்கில் இதற்குத் தேய்மானம் என்று பேர். புகைத்தால் தேய்மான விகிதம் கூடும். அடி வாங்கிய சொத்துக்கு இரட்டைத் தேய்மானம் போடுகிற முட்டாள் உலகத்தில் உண்டா? இருந்தான். 2021 ஜூன் வரைக்கும். அப்புறம் விட்டுவிட்டான்.

ஞாபகம் வைக்க...

உட்கார்ந்து ஒரு தடவை, ஆறு நிமிஷம் நடந்த பிறகு ஒரு தடவை கிளிப் பாருங்கள். மூன்று புள்ளிக்கு மேல் சரிந்தாலோ, 94-க்குக் கீழே போனாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். தனியாக இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். உட்கார்ந்தபோதே 94-க்குக் கீழே என்றால் நடக்கவே வேண்டாம், நேரே டாக்டர்.

நகப்பூச்சு, மருதாணி, ஜில்லிட்ட விரல் இருந்தால் கிளிப் தப்பாகக் காட்டலாம்.

திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீக்கம், மயக்கம், உதடு நீலம்... இதற்கெல்லாம் கட்டுரை படித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

மூன்று மாதம் ஆகியும் மூச்சு வாங்கினால் 'ஊதுகிற பரீட்சை மட்டும் போதுமா, டி.எல்.சி.ஓ. வேண்டாமா?' என்று டாக்டரிடம் வாயைத் திறந்து கேளுங்கள்.

வேகமாகக் காற்றைத் தள்ளும் மூச்சுப் பயிற்சிகளை யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

கடைசிப் படி

மச்சினனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நாளைக்கே டாக்டர்கிட்ட போய், நடக்கவிட்டுப் பார்க்கச் சொல்லு" என்றேன். போனான். நடப்பதற்கு முன் 98, நடந்த பின் 91. டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் மாடி வேண்டாம், அரை நாள் வேலை போதும், பிறகு வந்து டி.எல்.சி.ஓ. பார்க்கலாம் என்று. மேனேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ரிசப்ஷன் பக்கத்தில் ஒரு மேஜை போடச் சொன்னாராம். அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் போன வருஷம் ஜுரம் வந்ததுலேர்ந்து படி ஏறினா ஒரு மாதிரி இருக்குப்பா. அந்த டாக்டர் நம்பர் கொடு" என்றாராம்.

மூச்சு 'வாங்குது' என்று நாம் சொல்கிறோமே, சரியான வார்த்தைதான். இத்தனை நாள் இலவசமாகக் கிடைத்ததைக் கொஞ்ச காலம் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. விலை பணம் இல்லை. பொறுமை. அதைத் தவணையில்தான் கட்ட முடியும்.

நான் இன்னும் அதே மூன்றாவது மாடியில்தான் இருக்கிறேன். 54 படியையும் இப்போது ஒரே மூச்சில் ஏறிவிடுகிறேன். ஆனாலும் முதல் மாடியில் கொஞ்சம் நிற்கிறேன்.

மாமி காபி பிரமாதமாகப் போடுவார்.